பப்ளிக் என்னும் பரிகாரம்

விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் படிவம் திறக்கப் பழகும் மாணவரைப் பெரும்பாலும் முதலில் மிரட்டுவது, மாறி காணப்படவில்லை என்னும் பிழைச்செய்தி. அதற்கு ஆய்வகங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் பரிகாரம் ஒன்றே: மாறியைப் பப்ளிக் என அறிவித்துவிடு. செய்தி மறைந்துவிடுகிறது, கோளாறு உள்ளேயே தங்கிவிடுகிறது.

அறிவிக்கப்படாத மாறியை அம்மொழி பிரைவேட் எனக் கொள்ளும். அதை உருவாக்கிய நிரலும் அந்நிரல் அழைப்பவையும் மட்டுமே அதைக் காணும். பழைய ஃபாக்ஸ்புரோவில் திரை மூடப்படும்வரை ரீட் கட்டளை நிரலை நிறுத்திவைத்ததால் இது போதுமானதாயிருந்தது. 1995இல் வந்த 3.0 பதிப்போ படிவத்தைப் பொருளாக்கிற்று. மோடல் அல்லாத படிவத்தைத் திறந்த கையோடு ‘டூ ஃபார்ம்’ திரும்பிவிடும். அழைத்த நிரல் முடியும்; அதன் மாறிகளும் அழியும். படிவம் மட்டும் திரையில் நிற்கும்.

இந்த இடத்தில் பப்ளிக்கைப் புகுத்துவதன் விளைவைக் கட்டண வசூல் படிவமொன்றில் காணலாம். எழுத்தர் ஒரு மாணவருக்குப் படிவத்தைத் திறக்கிறார். அதை மூடுமுன் இன்னொருவருக்கும் திறக்கிறார். மாணவர் எண் ஒரே பப்ளிக் மாறியில் இருப்பதால், முதற்படிவத்தில் சேமிக்கும் தொகை இரண்டாமவர் கணக்கில் ஏறுகிறது. எந்தப் பிழைச்செய்தியும் வராது. பணம் கட்டியவர் நிலுவைப் பட்டியலில் நிற்பார். ஒவ்வொரு படிவத்துக்கும் தனித் தரவு அமர்வையே மொழி தந்திருக்க, எண்ணை மட்டும் பொதுச்சந்தையில் வைப்பது என்ன வடிவமைப்பு?

“சிறிய நிரல்தானே, இதற்குப் பொருள்நோக்கு எதற்கு?” என்பது வழக்கமான சமாதானம். ஆனால் மாற்றுவழிக்குத் தேவை இரண்டு வரிகளே: ‘வித்’ வழியாக அனுப்பிய எண்ணை இனிட்டில் அளபுருவாகப் பெறுவது; அதைப் படிவத்தின் பண்பில் இருத்துவது. விடை திரும்ப வேண்டுமெனில் மோடல் படிவமும் ‘டூ’ பகுதியும் உள்ளன.

முழுதளாவிய மாறிகளின் தீங்கை வில்லியம் வுல்ஃபும் மேரி ஷாவும் 1973இலேயே எழுதிவிட்டனர். ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015இல் நிறுத்தியது; அப்பழக்கம் அக்செஸ் நிரல்களில் தொடர்கிறது. திட்ட அறிக்கையின் முன்னுரையில் ‘பொருள்நோக்கு’, முதன்மை நிரலின் தலையில் பப்ளிக் மாறிகளின் அணிவகுப்பு! வாய்மொழித் தேர்வில் அதே படிவத்தை இருமுறை திறந்துகாட்டச் சொன்னாலே குட்டு வெளிப்பட்டுவிடும். அப்படிக் கேட்கும் புறத்தேர்வாளர்தாம் அரிதாக இருக்கின்றனர்.