எத்தனை முட்டை என்று கேட்காதீர்கள்

 

போன வாரம் ஒரு காதுகுத்து வீட்டில், "அவளுக்குப் பதினெட்டு முட்டை எடுத்தாங்களாம், உனக்கு ஆறுதானா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். கேள்வி வாங்கியவள் என் மாணவி. விடிவதற்குள் ஜீப் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத்தான் கோபம் வந்தது. கருமுட்டை என்ன பரீட்சை மார்க்கா?

மாதத்துக்கு ஒரு முட்டை முதிர்வதுதான் இயற்கை. டெஸ்ட் டியூப் சிகிச்சையில் வழக்கமாகப் பத்து நாள் போல ஹார்மோன் ஊசி போட்டு, பல முட்டைகளை ஒன்றாக வளர்க்கிறார்கள். மென்மையான முறையில் குறைந்த அளவு ஊசி, சில நேரம் கூடவே லெட்ரோசோல் அல்லது குளோமிபீன் மாத்திரை. முட்டை குறையும். மருந்துச் செலவும் உடம்பு படும் பாடும் குறையும்.

"முட்டை குறைந்தால் குழந்தையும் கிடைக்காது" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நெதர்லாந்தில் 38 வயதுக்குட்பட்ட 404 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2007இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். மென்முறையில் ஒரு கரு, வழக்கமான முறையில் இரண்டு கரு வைத்தார்கள். ஒரு வருடத்தில் நிறைமாதக் குழந்தை பெற்றவர்கள் 43.4 சதவீதம், 44.7 சதவீதம். பெரிய வித்தியாசமா இது? ஆனால் இரட்டைக் கர்ப்பம் அரை சதவீதத்துக்கு எதிராக 13 சதவீதம்! லூயிஸ் பிரவுன் 1978இல் பிறந்ததும் ஊசியால் தூண்டாமல் கிடைத்த ஒரே முட்டையிலிருந்துதான்.

மென்முறைதான் எல்லோருக்கும் என்று நான் சொல்லவில்லை. வயது கூடியவளுக்கு, கருவை உறைய வைத்து இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்த நினைப்பவளுக்கு, கூடுதல் முட்டை உதவலாம். ஆனால் முட்டை குறைவாக வரும் என்று தெரிந்த பெண்ணுக்கு ஊசி அளவை 300 யூனிட்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று ஐரோப்பிய மருத்துவர் சங்கமே 2019இல் எழுதிவிட்டது. நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்கோ சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சு முட்டும் ஆபத்து அதிகம். அந்த வயிற்றோடு 17 கொண்டை ஊசி வளைவு ஏறி யார் பழம் எடுப்பது? கூலி போனால் கடனை யார் அடைப்பது?

இன்னொன்று. நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், முட்டை தானம் தருபவளிடம் ஏழுக்கு மேல் எடுக்கக்கூடாது என்கிறது. தன் குழந்தைக்காகப் படுப்பவளுக்கு அப்படி வரம்பு இல்லை. அவளுக்காகக் கேட்க வேண்டியது நாம்தான்.

பிள்ளைகளா, மதுரைக்கோ தேனிக்கோ சிகிச்சைக்குப் போனால் கேளுங்கள்: எத்தனை யூனிட், ஏன் அவ்வளவு, குறைத்தால் என் வயதில் என்ன ஆகும்? கேட்கத் தயக்கமாக இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். நாலு மணிக்கு மேல் இருப்பேன். கேள்விகளைத் தாளில் எழுதித் தருகிறேன், டாக்டரிடம் நீட்டுங்கள். பெரியம்மாவும் வரலாம்.