இன்பத் தொட்டியின் சாவி யாரிடம்?

1974-ல் வெளியான தமது நூலில், ஹார்வர்டு பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ராபர்ட் நோசிக் ஒரு கற்பனைக் கருவியைப் பற்றி எழுதினார். உடல் தொட்டியில் மிதக்கும், மூளையில் மின்முனைகள். அருமையான நாவல் எழுதுவதுபோல, நல்ல நண்பர் கிடைப்பதுபோல எல்லா அனுபவமும் வாய்க்கும். பொய் என்றே தெரியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வந்து, அடுத்து என்ன வேண்டும் என்று தேர்ந்தெடுத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளலாம். இதில் நுழையக் கூடாது என்பதே நோசிக்கின் கட்சி. மனிதருக்குச் செய்ததுபோன்ற உணர்வு போதாது, உண்மையிலேயே செய்திருக்க வேண்டும் என்றார்.

அழகான வாதம். ஆனால், ஃபெலிபே டி பிரிகார்டு என்ற ஆய்வாளர் கேள்வியையே திருப்பிப் போட்டார். நீங்கள் ஏற்கெனவே கருவிக்குள்தான் இருக்கிறீர்கள், வெளியேற விருப்பமா என்று மாணவர்களிடம் கேட்டார். 2010-ல் வெளியான அந்த ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர் உள்ளேயே இருக்கிறோம் என்றார்கள். வெளியே காத்திருப்பது சிறைவாசம் என்றதும் மிகப் பெரும்பாலோர் அசைய மறுத்தார்கள். உண்மையின் மீதான பற்று என்று நாம் பெருமைப்படுவதில் பெரும்பங்கு, பழகிய வாழ்வை விட மனமில்லாததுதான் போலிருக்கிறது.

நோசிக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கருவி யாருடையது?

ரெப்ளிகா என்ற செயலி, செயற்கை நுண்ணறிவுத் துணைவரோடு பேச வைக்கிறது. அதைக் காதலராகவே வரித்துக்கொண்டவர்கள் ஏராளம். 2023 பிப்ரவரியில் நிறுவனம் அந்தரங்கப் பேச்சுக்குத் தடை போட்டது. நேற்றுவரை கொஞ்சிய துணை திடீரென்று பேச்சை மாற்றியது. பயனாளர்கள் துக்க வீட்டில் இருப்பதுபோல் புலம்பினார்கள். எதிர்ப்பு வலுக்கவே, அடுத்த மாதம் பழைய பயனாளர்களுக்கு மட்டும் முந்தைய வடிவம் திரும்பக் கிடைத்தது.

அவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. உண்மையான துணைவரும் மாறலாம், விட்டுப் போகலாம். ஆனால், அந்த மனிதரோடு சண்டையாவது போடலாம், காரணம் கேட்கலாம். இங்கே பேச்சை மாற்றியது நிறுவனத்தின் முடிவு. தனிமையில் வாடுகிறவரிடம் போய் ‘நிஜத்துக்கு வா’ என்று உபதேசிப்பதும், சிறைக் கதவைத் திறந்துவைத்து உள்ளே அழைப்பதும் ஒன்றுதான். அரசுகள் செய்யக்கூடியது வேறு. இத்தகைய துணைகளை விற்கும் நிறுவனங்கள், அவற்றின் குணத்தை மாற்றுவதற்கு முன் பயனாளருக்குப் போதிய அவகாசம் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவரலாம். உரையாடல்களின் பிரதி கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்க்கலாம்.