திரும்பி வந்தவரின் ஓய்வூதியம்

கும்பகோணத்தில் ஒரே தெருவில் வாழும் முதியவர் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் முப்பது ஆண்டுக் காலம் சிகாகோவில் பொறியாளராய் உழைத்து, பச்சை அட்டையை ஒப்படைத்துவிட்டு, இந்தியக் குடிமகனாகவே ஊர் திரும்பியவர். மற்றவர் அதே காலத்தை இலண்டனில் ஒரு தனியார் நிறுவனத்தில் கழித்தவர். ஊதியம் வாங்கிய நாளெல்லாம் இருவரும் அதில் ஒரு பங்கை அந்தந்த நாட்டு ஓய்வூதிய நிதிக்குச் செலுத்தினார்கள். இன்று அதன் பயன் மாதந்தோறும் வங்கிக்கு வருகிறது. ஆனால் வருகிற வழியில் இருவருக்கும் நேர்வது ஒன்றன்று.

சிகாகோக்காரருக்கு உரிய சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் மாதம் 1,000 டாலர் என்று கொள்வோம். தன் நாட்டில் வசியாத அயலாரின் ஓய்வூதியத்தில் 85 விழுக்காட்டை வரிக்குரியதாகக் கொண்டு, அதன்மேல் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கிறது அமெரிக்கச் சட்டம். 255 டாலர் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடுகிறது. கைக்கு எட்டுவது 745. இதில் வருமானத்தின் அளவு பார்ப்பதில்லை. சிறுதொகை பெறுவோருக்கும் அதே விகிதம்தான்.

இந்தியா இத்தொகைக்கு வரி கேட்பதில்லை. 1989இல் கையெழுத்தான இந்திய–அமெரிக்க வரி உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, சமூகப் பாதுகாப்புத் தொகைக்கு வரி விதிக்கும் உரிமையை அதை வழங்கும் நாட்டிடமே விட்டுவிட்டது. பார்வைக்கு இது சலுகை, கணக்கிட்டால் இழப்பு. டாலருக்கு 90 ரூபாய் என வைத்தால் முதியவரின் ஆண்டு ஓய்வூதியம் 10.8 லட்சம் ரூபாய். வேறு வருமானம் இல்லாத நிலையில், புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை இங்கு வரியே இல்லை. உரிமை இந்தியாவிடம் இருந்திருந்தால் அவர் ஒரு காசும் கட்ட வேண்டியிராது. உரிமை அங்கே இருப்பதால் ஆண்டுக்கு 3,060 டாலர் போகிறது. இங்கே வரி இல்லாததால், அங்கே போனதை ஈடு செய்துகொள்ளவும் வழியில்லை.

இது உலகப் பொதுநியதியும் அன்று. கனடா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், அயர்லாந்து, எகிப்து முதலிய நாடுகளில் வசிப்போரின் இதே ஓய்வூதியத்துக்கு அமெரிக்கா வரி பிடிப்பதில்லை. அந்நாடுகள் தத்தம் உடன்படிக்கைகளில் அதைக் கேட்டுப் பெற்றுள்ளன. எகிப்து பெற்றதை இந்தியா பெறவில்லை.

இலண்டனிலிருந்து வந்தவரின் நிலை வேறு. 1993ஆம் ஆண்டின் இந்திய–பிரிட்டன் உடன்படிக்கைப்படி, அரசுப் பணி ஓய்வூதியம் நீங்கலாக மற்றவற்றுக்கு வரி விதிப்பது அவர் வசிக்கும் நாடு மட்டுமே. ஆகவே அங்கே பிடித்தம் இல்லை. ஆனால் வளர்ச்சியும் இல்லை. பிரிட்டனில் வாழ்வோருக்கு ஆண்டுதோறும் உயரும் அரசு ஓய்வூதியம், இந்தியாவில் வாழ்வோருக்கு இங்கே முதன்முதல் பெற்ற அளவிலேயே உறைந்துவிடுகிறது. இந்த வேற்றுமை பாகுபாடாகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2010இல் தீர்ப்பளித்துவிட்டது. ஒருவரிடம் வரியாய்ப் போவது மற்றவரிடம் விலைவாசியாய்ப் போகிறது.

அயல்நாடுகளின் போக்கு இவ்வாறிருக்க, நம் சட்டம் செய்யக்கூடியதையாவது முழுமையாய்ச் செய்துள்ளதா? அமெரிக்காவின் 401(கே) போன்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளில் பணம் எடுக்கும் ஆண்டில்தான் அங்கு வரி. இந்தியாவிலோ, முழு வசிப்பாளராகிவிட்டவரின் கணக்கில் ஆண்டுதோறும் சேரும் ஈட்டம், கைக்கு வராவிடினும் வருமானம் எனக் கருதப்பட்டது. இங்கே வரி கட்டிய ஆண்டு ஒன்று, அங்கே வரி கட்டிய ஆண்டு வேறொன்று எனப் பிரிந்துபோனதால், ஒன்றுக்கு மற்றொன்றை ஈடாகக் காட்ட இயலவில்லை. இந்த முரணைத் தீர்க்கவே 2021இல் வருமான வரிச் சட்டத்தில் 89ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பணத்தை எடுக்கும்போது அந்த நாட்டில் எப்போது வரியோ, அப்போதே இங்கும் வரி என்பது அதன் சாரம். நோக்கம் நன்று, வடிவம் குறையுடையது.

முதற்குறை, 2022 ஏப்ரலில் வெளியான அறிவிக்கை மூன்று நாடுகளை மட்டுமே ஏற்றது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா. சிட்னியிலும் கோலாலம்பூரிலும் சேமித்தவர் அதில் இல்லை. இரண்டாவது குறை கடுமையானது. இச்சலுகை வேண்டும் என ஒருவர் ஒருமுறை விருப்பம் தெரிவித்தபின் அதைத் திரும்பப் பெற இயலாது. அதன்பின் அவர் மீண்டும் வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டால், விருப்பமே தெரிவிக்கவில்லை எனக் கொண்டு, இடைப்பட்ட ஆண்டுகளின் ஈட்டத்துக்கெல்லாம் வரி கணக்கிடப்படும். துணையை இழந்து, நோயுற்று, மகள் இருக்கும் ஊருக்கே மறுபடி போகிற முதியவரை இது நேரே தாக்குகிறது. தனிமைக்குத் தண்டம் விதிப்பது சட்டத்தின் கருத்தாய் இருந்திருக்க முடியாது. ஆயினும் விளைவு அதுவே.

இனித் திரும்பி வந்தவரின் மேசையைப் பாருங்கள். அமெரிக்கத் தாள் சனவரி முதல் திசம்பர் வரை பேசுகிறது. பிரிட்டனின் வரியாண்டு ஏப்ரல் 6இல் தொடங்குகிறது. நம்முடையது ஏப்ரல் 1இல். வருமானத்தை நம் வரியாண்டுப்படி காட்ட வேண்டும். அயல்நாட்டுச் சொத்துப் பட்டியலையோ சனவரி–திசம்பர் கணக்கில் தர வேண்டும். தவறினால், 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் தண்டம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் வரை 2024 அக்டோபர் முதல் விலக்கு உண்டு. முப்பது ஆண்டுச் சேமிப்பு அந்த வரம்புக்குள் அடங்குவதரிது. ஒளித்தவனுக்காக வகுத்த தண்டம், விட்டுப்போன ஒரு பதிவுக்காக மறதியுள்ள கிழவரைத் தேடி வரலாகாது.

வேண்டுவன மூன்று. அமெரிக்காவுடன் உடன்படிக்கையின் 20ஆம் பிரிவை மீண்டும் பேசி, சமூகப் பாதுகாப்புத் தொகைக்கு வசிக்கும் நாட்டிலேயே வரி என்ற நிலையைக் கேட்க வேண்டும். ஓய்வுக்காலக் கணக்குச் சலுகையை, நாம் வரி உடன்படிக்கை செய்துள்ள எல்லா நாடுகளுக்கும் விரித்து, மீண்டும் புலம்பெயர்வோரைப் பின்னோக்கி வரி துரத்துவதை நீக்க வேண்டும். ஓய்வூதியக் கணக்கை மட்டும் அறிவிக்க மறந்தவருக்குத் தண்டத்துக்கு முன் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு அளிக்க வேண்டும். இவற்றுள் பின்னிரண்டுக்கு எந்த அயல்நாட்டின் இசைவும் வேண்டியதில்லை.

1989இல் அந்த உடன்படிக்கை எழுதப்பட்டபோது, நம் இளைஞர் விமானமேறிப் போய்க்கொண்டிருந்தனர். போகிறவனின் முதுமையைப் பற்றி அன்று எவரும் கேளாதிருந்ததில் வியப்பில்லை. அவ்வாண்டு இருபத்தைந்து வயதில் புறப்பட்டவருக்கு இன்று அறுபது கடந்துவிட்டது.