கரை ஒதுங்கும் மீனும் கற்றோர் கடமையும்

நெய்தல் நிலத்தின் முழு வடிவத்தைக் காண விழைவோர் மரக்காணம் செல்லலாம். ஒருபுறம் வெண்பாத்திகளாய் விரிந்த உப்பளங்கள். மறுபுறம் வலையும் படகுமாய் மீனவர் குப்பங்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என அறிஞர் சிலர் கருதுவர். தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழும் இக்கரையில், ஒரு மீனின் படத்தைக் கண்டு மக்கள் அஞ்சும் நிலை வந்திருப்பது எண்ணத்தக்கது.

2025ஆம் ஆண்டின் நடுவில், தமிழக மீனவர் வலையில் துடுப்பு மீன் ஒன்று சிக்கிய காட்சி கைப்பேசிகளில் பரவியது. 'பேரழிவு மீன்' என்ற பட்டமும் உடன் பரவியது. மரக்காணத்தை அடுத்த குப்பத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர், தம் தாயார் தந்தையை இரண்டு நாள் கடலுக்குச் செல்லவிடவில்லை என்றார். 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையைக் கண்ட கரை அது; அத்தாயின் அச்சம் நகைப்புக்குரியதன்று. எனினும், இழந்த இரு நாள் வருவாயை வதந்தி பரப்பியவர் ஈடு செய்வாரா?

வெள்ளி நாடா போன்ற உடலும் செந்நிறக் கொண்டையும் உடைய துடுப்பு மீன், எலும்புடைய மீன்களுள் மிக நீளமானது. 8 மீட்டர் வரை வளரும். ஆழ்கடலில் நுண்ணுயிர்களையும் சிற்றிறால்களையும் உண்டு வாழும் இது, மனிதர்க்குத் தீங்கு செய்வதன்று. நோயுற்றோ, காயமுற்றோ, நீரோட்டத்தால் அலைக்கழிக்கப்பட்டோ மேலே வரும்போதுதான் நம் கண்ணில் படுகிறது.

ஜப்பானியர் இதனைக் கடல்தேவன் அரண்மனைத் தூதன் என்பர். 2011ஆம் ஆண்டு அங்கு நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்திற்கு முன் இம்மீன்கள் பல கரை ஒதுங்கியமை அந்நம்பிக்கைக்கு வலுவூட்டியது. ஆனால் அந்நாட்டு ஆய்வாளர்களே ஆழ்கடல் மீன்கள் தோன்றிய 336 நிகழ்வுகளையும் 221 நிலநடுக்கங்களையும் ஒப்பிட்டு 2019இல் முடிவை வெளியிட்டனர். பொருந்தி வந்தது ஒன்றே ஒன்று! நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ, மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என நாயகம் அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். துயரின் நடுவிலும் உண்மையைக் கைவிடாத அந்நெறி நமக்கும் உரியதன்றோ?

மீனை நம்பி அஞ்சுவதினும் கொடிது, மீன் வரவில்லையே என அயர்ந்திருப்பது. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கைப் பிரிவு இயங்கி வருகிறது. குப்பத்து மக்கள் செவிசாய்க்க வேண்டியது அவ்வெச்சரிக்கைக்கே.

அவ்வாறாயின் அரிய மீனை என்செய்வது? 1938இல் தென்னாப்பிரிக்க மீனவர் வலையில் விந்தையான மீன் ஒன்று அகப்பட்டது. அருங்காட்சியகப் பெண்மணி மார்ஜரி கோர்ட்டனே லாட்டிமர் அதனைப் பேணி, படம் வரைந்து, அறிஞர் ஸ்மித்துக்கு அனுப்பினார். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீன் இன்னும் வாழ்வதை உலகம் அறிந்தது. நம் மணப்பாட்டுக் கரையருகே 2016இல் திமிங்கிலங்கள் கூட்டமாய் ஒதுங்கின. 1973இல் அப்பகுதியிலேயே 147 திமிங்கிலங்கள் ஒதுங்கிய செய்தி ஏட்டில் இருந்ததால், இது முன்னும் நிகழ்ந்ததே என அறிய முடிந்தது.

ஆகவே, கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவச் செல்வங்களே! அரிய மீன் ஒதுங்கினால், நாள், இடம், நீளம் ஆகியவற்றைக் குறியுங்கள், படம் எடுங்கள், மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். கூடவே, உங்கள் ஊர் முதியோர் அம்மீனை அழைக்கும் பெயரையும் கேட்டு எழுதுங்கள். மீனுக்கும் காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் அவர்கள் வழங்கும் சொற்களில் பல இன்னும் அகராதி ஏறாதவை. அவற்றைத் தொகுப்பது தமிழ்த்துறையின் கடமை. கடல் கொணர்ந்து தருவதை அச்சமாக்குவதும் அறிவாக்குவதும் நம் கையில்தான் உள்ளது.