எல்லைக்கல்லும் கீழ்ப்படிதலும்

இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்றவுடன் எம்மில் பலருக்கு ஞாயிறு பூசையும் தவக்கால ஒறுத்தலும் செபமாலையுமே நினைவுக்கு வருகின்றன. இவை வேண்டியவையே. ஆனால் கமக்காரனின் கீழ்ப்படிதல் பெரும்பாலும் வேலியோரத்திலும் கிணற்றடியிலுமே சோதிக்கப்படுகிறது. இடம்பெயர்ந்து வாழும் எமக்கு இச்சோதனை இன்னும் கடுமையானது.

எரேமியா இறைவாக்கினரின் காலத்தைப் பாருங்கள். கி.மு. 597 இல் யூதா மக்களில் ஒரு பகுதியினர் பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இரண்டு வருடத்துக்குள் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா என்பவன் ஆலயத்தில் நின்று கூறினான். கேட்க இனித்திருக்கும். எரேமியாவோ 70 வருடம் என்றார். போன இடத்தில் வீடு கட்டித் தோட்டம் செய்யும்படியும், அந்த ஊரின் நலனுக்காகவும் மன்றாடும்படியும் அவர்களுக்குக் கடிதம் எழுதினார்.

அடுத்த மாதம் ஊருக்குப் போய்விடலாம் என்று எண்ணி, ஒரு முருங்கைத் தடிகூட ஊன்றாமல் வருடங்களைக் கழித்த குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களைக் குறைகூற மாட்டோம். ஆயினும், இருக்கும் மண்ணில் இன்று செய்யக்கூடியதைச் செய்வதே எரேமியா கேட்ட கீழ்ப்படிதல்.

அப்படியானால் விட்டுவந்ததை மறந்துவிட வேண்டுமா? இல்லை. அதே எரேமியா, எருசலேம் முற்றுகையில் இருக்க, தாமும் காவலில் அடைபட்டிருந்தபோது, அனத்தோத்தில் உறவினனின் காணியை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகள் ஒப்பமிட்டனர். முத்திரையிட்ட உறுதியும் திறந்த பிரதியும் மண்பாண்டத்தில் வைக்கப்பட்டன. ஆகவே உறுதியையும் பேர்மிற்றையும் பத்திரப்படுத்துவதும், உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுப்பதும், காணியை விடும்படி கேட்டுக்கொண்டே இருப்பதும் விசுவாசக் குறைவல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி இன்னமும் தம் வளவை மிதிக்காதவர்களிடம் "ஆண்டவர் விட்ட வழி" என்று ஆறுதல் கூறுவது எமக்குச் சரியாகப் படவில்லை. நாபோத்து தன் முன்னோரின் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்குக் கொடுக்க மறுத்ததும் கீழ்ப்படிதலால்தான்.

இனிச் சொல்லப்போவது சற்றுக் கசக்கும். எமது காணியை ஒருவர் பிடித்தால் கொதிக்கிறோம். நாம் பயிரிடும் காணி யாருடையது? 2009 இன் பின் மீளக் குடியேறிய ஊர்களில் வேலி ஒரு முழம் நகர்ந்ததும் உண்டு. பங்குக் கிணற்றில் ஒருவரின் இறைப்பு முறை காணாமற் போனதும் உண்டு. வெளிநாட்டிலோ தமிழகத்து முகாமிலோ இருப்பவரின் வளவு அயலவரின் தோட்டத்தோடு சேர்ந்ததும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் தம் வளவுகளை விட்டே போனார்கள். அயலவனின் எல்லைக்கல்லைப் பெயர்ப்பவன் சபிக்கப்பட்டவன் என்கிறது இணைச்சட்ட நூல். அயலவன் எந்தச் சமயத்தவன் என்று அது கேட்கவில்லை.

பத்து வருடம் தடையின்றி ஆண்டால் உறுதிக் காணிக்கு ஆட்சியுரிமை கோரலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆயுதக் குழுக்களின் செயலால் வழக்காட முடியாதிருந்தவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அக்கணக்கில் சேர்க்காதிருக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. ஆனால் 2009 இன் பின்னும் பத்து வருடங்கள் கடந்துவிட்டன. இப்போது சட்டம் சிலருக்கு அனுமதிப்பதை இறைவனும் அனுமதிக்கிறாரா என்பதே கேள்வி. இல்லை என்பதே எமது எண்ணம்.

உரியவர் வரும்வரை காணியைப் பற்றை வளரவிடாமல் பயிரிடுவது நல்ல காரியமே. குத்தகையோ வாரமோ எழுத்தில் இருக்கட்டும். பனையையும் பலாவையும் தறிக்க வேண்டாம். பிணக்கு என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணிக்குச் செலவில்லை. மாரி மழையோடு கதியால் போடும் வீட்டார், அயலவரையும் கூப்பிட்டு, இருவருமாக நூல் பிடித்த பின் போடட்டும்.