மூச்சுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

மழை எவ்வளவு, பால் எத்தனை லிட்டர், மணிலா எத்தனை மூட்டை என்று கணக்கு வைக்கும் நம் விவசாயிகள், மூச்சுக்குக் கணக்கு வைப்பதில்லை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை ஒரே நடையில் சுற்றியவர், இன்று பாதி வழியில் உட்கார்ந்து இளைத்தால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறார். அது வயதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பீடிப் புகையும் களத்துத் தூசியும் நுரையீரலைக் கெடுத்திருக்கலாம். பீடியைத் தொடாத பெண்களுக்கும் விறகு அடுப்புப் புகையால் இந்நோய் வருகிறது.

மூச்சின் வேகத்தை வீட்டிலேயே அளக்க 'பீக் ஃப்ளோ மீட்டர்' என்ற சிறு குழாய்க் கருவி உண்டு. 1950களில், வேல்ஸ் நாட்டில் நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோயை ஆராய்ந்த நிலையத்தில் பணியாற்றிய பேசில் ரைட் என்பவர் இதன் மூலக் கருவியை அமைத்தார். தூசியில் உழைப்பவருக்கு அது இன்றும் பொருந்தும்.

முதலில் பெரிய மருத்துவமனையில் 'ஸ்பைரோமீட்டர்' சோதனை செய்து, என்ன நோய் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆஸ்துமா என்றால் காலையும் மாலையும், மருந்துக்கு முன், நின்றபடி மூச்சை நிறைய இழுத்துக் கருவியில் ஒரே வீச்சாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதிக அளவைக் குறிக்க வேண்டும். உடல் நன்றாக இருக்கும்போது ஒருவருக்கு 400 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 320க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. மருத்துவர் சொல்லியபடி மருந்தை மாற்ற வேண்டும். 200க்குக் கீழே போனால் தாமதமின்றி 108ஐ அழைக்க வேண்டும்.

புகையால் வந்த நாள்பட்ட நோய்க்கு இந்த எண் மட்டும் போதாது. சளியின் நிறம், நடக்க முடிந்த தூரம், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் காட்டும் அளவு ஆகியவற்றையும் எழுதி வர வேண்டும். எண் நன்றாக இருந்தாலும் மூச்சுத் திணறல் கூடினால் காத்திருக்கக் கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலிலேயே கவனிப்பு தர முடியும் என்று காட்டியது. மூச்சுக்கும் அந்த மரியாதை வேண்டும். கிராம சுகாதார செவிலியர் பையில் இக்கருவி ஒன்று இருக்கட்டும். நோயாளிக்கு ஊதும் முறையைக் கற்றுத் தரட்டும். சாலையும் குடிநீரும் கேட்கும் கிராம சபையில் இதையும் கேளுங்கள். நெல் தூற்றும் நாளில் முகத்தில் துணி கட்டுவதற்கும், பீடியை நிறுத்துவதற்கும் எந்த உத்தரவும் வரவேண்டியதில்லை.