ஏழு மணிக்கு டீவியை அணைப்போம்



சம்பள உயர்வு கேட்டு நாம் வீதிக்கு இறங்கும்போதெல்லாம் ஒரு குரல் எழும்புகிறது: "லயத்துக் கூரை முழுக்க டிஷ் அன்டெனா. டீவி வாங்கக் காசு இருக்கிறது, சம்பள உயர்வு எதற்கு?"

இப்படிக் கேட்பவர் வீட்டில் டீவி இல்லையா? விடிய நாலு மணிக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்கக் கொழுந்து பறித்த பெண் இரவில் அரை மணி நேரம் நாடகம் பார்த்தால் குற்றமா? தவணைக் காசு கட்டி வாங்கிய அந்த டீவி அவளுடைய உழைப்பு. அதைக் குறைசொல்ல வெளியாளுக்கு உரிமையில்லை.

ஆனால் நமக்குள் நாம் பேசத்தான் வேண்டும்.

போன தவணைப் பரீட்சைக்கு முன்னர் ஒரு நாள் லயத்துப் பக்கம் போனேன். இரவு ஏழரை மணி. ஒன்பதாம் தரத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி இஸ்தோப்பில் குந்தியிருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். பனி கொட்டுகிறது. "உள்ளே போய்ப் படியேன்" என்றேன். "உள்ளுக்கு நாடகம் ஓடுது டீச்சர்" என்றாள்.

டீவி பார்த்தால் புத்தி வளருமா, கெடுமா என்று பட்டணத்தில் பட்டிமன்றம் வைக்கலாம். அங்கே டீவிக்கு ஓர் அறை, படிப்புக்கு ஓர் அறை. நமக்கோ வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் ஒரே காம்பரா. உறக்கமும் படிப்பும் நோயாளியும் விருந்தாளியும் அதற்குள்தான். அங்கே டீவியைப் போட்டால், பார்க்க விரும்பாதவரும் கேட்டே ஆகவேண்டும்.

டீவியால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது டீவியில் பாடம் நடந்தது. போனுக்கு சிக்னல் கிடைக்காத மலைகளில் அதுவும் ஒரு வகுப்பறைதான். அதே பெட்டி இன்று பிள்ளையை வெளியே பனியில் உட்கார வைக்கிறது.

நம் முன்னோருக்கும் இரவுப் பொழுதுபோக்கு இருந்தது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று விடிய விடிய நடக்கும். ஆடியவரும் நம் ஆள், தப்படித்தவரும் நம் ஆள். கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளரை அணிதிரட்டிய காலத்தில் மீனாட்சியம்மை பாட்டுப் பாடியே உரிமையை உணர்த்தினார். அந்தப் பொழுதுபோக்கு நம்மை ஓரிடத்தில் கூட்டியது. இன்றோ, மாலையில் மாதர் கூட்டம் வைத்தால் "நாடக நேரத்திலா வைப்பது?" என்று கேட்கிறார்கள்.

வகுப்பில் கேட்டால், நாடகக் கதாநாயகியின் மாமியார் பெயர் எல்லாப் பிள்ளைக்கும் தெரிகிறது. அம்மாவின் சம்பளச் சீட்டில் சேமலாப நிதிக்கு எவ்வளவு வெட்டுகிறார்கள் என்றால் முழிக்கிறார்கள். நம்மிடம் 8 வீதம் வெட்டினால் நிர்வாகம் 12 வீதம் போடவேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகமே தனியாக 3 வீதம் கட்டவேண்டும். இதை எந்த நாடகமும் சொல்லித்தராது. வீட்டில் உட்கார்ந்து சீட்டை விரித்துப் பார்க்கும் பத்து நிமிடம்தான் சொல்லித்தரும்.

ஆகவே இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, நிர்வாகத்திடம் கேட்கவேண்டியது. தனி வீடும் காணி உறுதியும் நம் கோரிக்கை. அவை கிடைக்கும்வரை, மாலையில் பூட்டிக்கிடக்கும் பிள்ளைக் காம்பராவைப் படிக்கும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். தோட்டத் தலைவர்மார் அடுத்த பேச்சுவார்த்தையில் இதைக் கேளுங்கள்.

இரண்டு, யாரிடமும் கேட்காமல் இன்றிரவே செய்யக்கூடியது. ஏழு மணியிலிருந்து எட்டரை வரை லயம் முழுக்க டீவி அணைந்திருக்கட்டும். ஒரு வீட்டில் மட்டும் அணைத்துப் பயனில்லை. பக்கத்துக் காம்பராச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். அம்மாவின் நாடகத்தை நிறுத்திவிட்டு அப்பா கிரிக்கெட் பார்ப்பதும் கணக்கில் சேராது. அந்த நேரத்தில் ஆண்கள் அடுப்படியில் ஒரு கை கொடுத்தால், எட்டரைக்குப் பிறகு அம்மா நிம்மதியாக உட்கார்ந்து நாடகம் பார்க்கலாம்.

அடுத்த தவணைப் பரீட்சைக்கு அந்தப் பிள்ளை இஸ்தோப்பை விட்டு உள்ளே வந்து படிக்கட்டும்.